குளிர் ஊரில் கைக்குழந்தைக்கு வைட்டமின் டி

டொராண்டோ மாதிரி குளிர் ஊரில் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு, வைட்டமின் டி சொட்டு மருந்தைப் பால் கொடுக்கும் முன் மார்புக்காம்பில் ஒரு சொட்டு விடுங்கள். சிந்தாமல் உள்ளே போய்விடும். கனடாவில் சொல்லும் அளவு தினமும் 400 ஐ.யூ. (IU, வைட்டமின் அளவைக் குறிக்கும் அலகு).

அங்கே நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் சாய்வாக விழுவதால் தோலில் வைட்டமின் டி அநேகமாக உருவாகாது. நம் மாதிரி கருமையான தோலுக்கு இன்னும் கஷ்டம். ஜன்னலோர வெயிலும் உதவாது, வேண்டிய கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். குறைந்தால் எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் வரலாம், தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

லேபிளைப் பாருங்கள்: சிலவற்றில் 400 ஐ.யூ. ஒரு சொட்டில், சிலவற்றில் 1 மில்லியில். மில்லி வகைக்கு இந்த வழி சரிப்படாது. முழுக்க ஃபார்முலா பால் குடிக்கும் குழந்தைக்குத் தேவையில்லை, அதிலேயே சேர்த்திருக்கும். குறைமாதக் குழந்தை என்றால் டாக்டர் சொல்லும் அளவுதான்.