வாடகைக்கு விட வீடு: பிரிட்டனில் எந்த ஊர் என்று ஒப்பிடுவது எப்படி?

லண்டன் விலை கட்டுப்படியாகாமல் வடக்கே வீடு தேடுகிறவர்கள் நிறைய. லிவர்பூலா, மான்செஸ்டரா, நாட்டிங்ஹாமா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும், கூடவே 8%, 9% வருமானம் என்று விளம்பரமும் வரும். தயவுசெய்து அந்தச் சதவீதத்தை நம்பி ஊரை முடிவு செய்யாதீர்கள். செலவும் வரியும் போக கையில் எவ்வளவு நிற்கிறது என்பதுதான் கேள்வி. (இது இங்கிலாந்துக்கான கணக்கு. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் வரியும் வாடகைச் சட்டமும் வேறு.)

படி 1: ஒரே மாதிரி வீட்டை எடுங்கள்

மான்செஸ்டர் ஆன்கோட்ஸில் ஒரு ஃபிளாட்டையும் லிவர்பூல் ஆன்ஃபீல்டில் ஒரு டெரஸ் வீட்டையும் (பக்கத்து வீடுகளோடு சுவர் ஒட்டி வரிசையாக நிற்கும் வீடு) பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எதுவும் தெரியாது. எல்லா ஊரிலும் இரண்டு படுக்கையறை டெரஸ் வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், ஊர் பெயரோடு நிற்காமல் போஸ்ட்கோடு வரை இறங்குங்கள், ஏனென்றால் லிவர்பூலிலேயே எல்4-க்கும் எல்18-க்கும் விலையிலும் சரி, குடிவருகிறவர்களிலும் சரி, அவ்வளவு வித்தியாசம்.

படி 2: கேட்கும் விலை வேண்டாம், விற்ற விலை பாருங்கள்

அரசின் சொத்துப் பதிவகமான லேண்ட் ரெஜிஸ்ட்ரியின் விற்பனை விவரங்கள் இலவசம், தெரு வாரியாகக் கிடைக்கும். வாடகைக்கு ரைட்மூவ் என்ற வீட்டு விளம்பர இணையதளம் போதும், ஆனால் ஏற்கெனவே ஆள் பிடித்துவிட்ட விளம்பரங்களையும் சேர்த்துப் பாருங்கள், அவைதான் நிஜத்துக்கு நெருக்கமானவை.

படி 3: கணக்கு

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். உதாரணத்துக்கு வீடு 1,50,000 பவுண்ட், வாடகை மாதம் 850, வருடத்துக்கு 10,200. விளம்பரக் கணக்கில் இது 6.8%.

இரண்டாவது வீடு என்றால் ஸ்டாம்ப் டூட்டியில் கூடுதலாக 5% உண்டு (2024 அக்டோபர் 31 முதல்; அதற்கு முன் 3%). ஆக இந்த வீட்டுக்குச் சாதாரண டூட்டி 500, கூடுதல் 7,500, மொத்தம் 8,000 பவுண்ட். பிரிட்டனில் வசிக்காதவர் வாங்கினால் மேலும் 2%, அதாவது 11,000. வக்கீல், சர்வே என்று ஒரு 2,000 சேர்த்தால் உள்ளூர்க்காரருக்கு மொத்தம் 1,60,000.

வருடத்தில் ஒரு மாதம் காலியாக இருக்கும் என்று வையுங்கள்: 9,350. ஏஜென்ட் 10% என்று சொன்னால் வாட் சேர்த்து 12%, அது 1,122. ரிப்பேர், இன்சூரன்ஸுக்கு 1,200. மீதி 7,028. இப்போது 4.4% தான்.

கடன் வாங்கினால் இன்னும் கவனம் வேண்டும். 75% கடன், 5% வட்டி மட்டும் கட்டுகிறீர்கள் என்றால் வட்டி 5,625, கையில் 1,403. ஆனால் சொந்தப் பெயரில் வாங்கியவர் 2020 ஏப்ரல் முதல் வட்டியைச் செலவாகக் கழிக்க முடியாது, வட்டித் தொகையில் 20% வரியில் குறையும், அவ்வளவுதான். 40% வரி கட்டுகிறவருக்கு 7,028-க்கு 2,811 வரி, அதில் 1,125 குறைந்து 1,686. கையில் இருந்ததே 1,403! வருடத்துக்கு 283 பவுண்ட் பாக்கெட்டிலிருந்து போகிறது. 6.8% வீடு இது.

இதே கணக்கை ஒவ்வொரு போஸ்ட்கோடுக்கும் ஒரு எக்செல் வரிசையாகப் போடுங்கள்.

படி 4: கவுன்சில் விதிகள்

ஊருக்கு ஊர் மாறுவது இதுதான், பலர் பார்க்காமல் விடுவதும் இதுதான். லிவர்பூலில் 2022 முதல் 16 வார்டுகளில் வாடகைக்கு விடவே லைசன்ஸ் வேண்டும். நாட்டிங்ஹாமிலும் பெரும்பகுதிக்கு அப்படித்தான். கட்டணம் வீட்டுக்கு வீடு தனி, அதையும் செலவில் சேருங்கள். மாணவர்களுக்கு அறை அறையாக விடலாம் என்ற யோசனை இருந்தால், மான்செஸ்டர், நாட்டிங்ஹாம், பர்மிங்ஹாம் மூன்றிலும் சாதாரண வீட்டை அப்படி மாற்ற பிளானிங் அனுமதி தேவை. அனுமதி கிடைக்கும் என்று நம்பி வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஃபிளாட் என்றால் சர்வீஸ் சார்ஜ் (கட்டடப் பராமரிப்புக் கட்டணம்) எவ்வளவு, கடந்த மூன்று வருடத்தில் எவ்வளவு ஏறியது என்று எழுத்தில் வாங்குங்கள். 2017-ல் லண்டனின் கிரென்ஃபெல் அடுக்குமாடியில் நடந்த தீ விபத்துக்குப் பிறகு, உயரமான கட்டடங்களுக்கு வெளிச்சுவரின் தீப் பாதுகாப்புச் சான்றிதழைக் கேட்கும் வங்கிகள் உண்டு, அது இல்லாவிட்டால் விற்கும்போதும் மாட்டிக்கொள்ளலாம்.

படி 5: போன் போடுங்கள்

பட்டியலில் இரண்டு போஸ்ட்கோடு மிஞ்சியதும், அங்கே வீடு விற்காமல் வாடகைக்கு மட்டும் விடும் ஏஜென்ட் இரண்டு பேரைக் கூப்பிட்டு, "எந்தத் தெருவில் வீடு காலியாகவே கிடக்கிறது?" என்று கேளுங்கள். விற்கிற ஏஜென்ட் இதற்கு நேராகப் பதில் சொல்வது அபூர்வம். அவர்கள் சொல்லும் தெருக்களைக் கழித்துவிட்டு, மிச்சமுள்ளவற்றை நேரில் போய்ப் பாருங்கள்.