கேஸ் நிரப்பச் சொல்வதற்கு முன்: ஸ்பிளிட் ஏசியை நீங்களே சோதித்துச் சுத்தம் செய்வது எப்படி?

ஏசி முன்போல் குளிரவில்லை என்று சொன்னவுடன், "கேஸ் குறைந்திருக்கும், நிரப்பிவிடலாம்" என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. அந்த கேஸ், வண்டியில் ஊற்றும் பெட்ரோலைப் போல எரிந்து தீருவதில்லை. மூடிய குழாய்களுக்குள் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுழன்று, அறையின் வெப்பத்தை வாங்கி வெளியே விடுவதே அதன் வேலை. ஆகவே கேஸ் உண்மையிலேயே குறைந்திருந்தால், எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் நிரப்பினால், அதே செலவு மீண்டும் வரும். ஆனால் குளிர் குறைவதற்குத் தூசி அடைத்துக் காற்றோட்டம் தடைபட்டிருப்பதும் காரணமாக இருக்கலாம். அதை நீங்களே கண்டறிந்து சரிசெய்ய முடியும்.

தொடங்கும் முன் ஏசிக்கான எம்சிபியை (மின்பெட்டியில் ஏசிக்கென உள்ள பாதுகாப்பு ஸ்விட்சை) அணைத்துவிடுங்கள். ரிமோட்டில் நிறுத்தினால் மட்டும் போதாது. உள்ளே இருக்கும் மின்பலகைக்கு அப்போதும் மின்சாரம் வந்துகொண்டுதான் இருக்கும். அவுட்டோர் யூனிட்டின் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்க வேண்டாம். அதிலுள்ள கெபாசிட்டர், மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் மின்னேற்றத்தைத் தக்கவைத்திருந்து கடுமையான அதிர்ச்சி தரக்கூடியது.

படி 1: ஃபில்டர்

இன்டோர் யூனிட்டின் முன்மூடியை இரு ஓரங்களிலும் பிடித்து மெதுவாகத் தூக்கினால் வலை போன்ற ஃபில்டர்கள் தெரியும். ஒன்றை உருவி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வலைக்கண்கள் வழியே ஒளி வராமல் சாம்பல் நிறப் படலம் மறைத்திருந்தால், அத்தனை நாளும் காற்று அந்தப் படலத்தை முட்டித்தள்ளித்தான் உள்ளே போயிருக்கிறது. கழுவும்போது தூசி படிந்த முகத்தின் மேல் நேராகத் தண்ணீரைப் பீய்ச்சினால் அழுக்கு வலைக்கண்களுக்குள் இன்னும் ஆழமாகப் புகும்; எனவே பின்பக்கத்திலிருந்து தண்ணீர் விட்டு அதை வெளியே தள்ள வேண்டும். வெந்நீர் ஃபில்டரை வளைத்துவிடும், வெயிலும் அப்படியே. நிழலில் முழுவதும் உலர்ந்த பின்னரே மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டினால் பூஞ்சை வரும். தினமும் ஏசி ஓடும் வீட்டில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இதைச் செய்வது நல்லது.

ஃபில்டரை எடுத்ததும் பின்னால் மெல்லிய தகடுகளாகத் தெரிவது காயில். அதன் விளிம்புகள் விரலைக் கீறும் அளவுக்குக் கூர்மையானவை, எளிதில் மடங்குபவையும்கூட. மென்மையான பிரஷ்ஷால் தகடுகள் செல்லும் திசையிலேயே, மேலிருந்து கீழாக மட்டும் துடையுங்கள். பக்கத்திலேயே மின்பலகை இருப்பதால் இங்கே தண்ணீர் அடிக்கும் வேலையை மெக்கானிக்கிடம் விட்டுவிடலாம்.

படி 2: தண்ணீர் வெளியேறும் குழாய்

அறைக்குள் சுவரோரம் தண்ணீர் சொட்டினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தக் குழாயைத்தான். ஈரப்பதம் மிகுந்த நாளில் ஏசி ஓடும்போது வெளிமுனையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வர வேண்டும். வரவில்லை என்றால், குழாய் எங்காவது மேல்நோக்கி வளைந்திருக்கிறதா, பாசி அடைத்திருக்கிறதா, முனை வாளித் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

படி 3: அவுட்டோர் யூனிட்

அதைச் சுற்றிலும் பொருள்களை அடுக்கக் கூடாது. அது வெளியேற்றும் சூடான காற்றுக்கு வழி வேண்டும். எட்டாத உயரத்தில் இருந்தால் ஜன்னல் வழியே எக்கிச் சுத்தம் செய்ய முயல வேண்டாம்.

படி 4: அளந்து பார்த்தல்

கதவு ஜன்னல்களை மூடி, 15 முதல் 20 நிமிடம் ஏசியைக் குறைந்த வெப்பநிலையில் ஓடவிடுங்கள். பிறகு ஒரு சாதாரண தெர்மாமீட்டரால், ஏசி மேலே உள்ளிழுக்கும் காற்றையும் கீழே வெளிவிடும் காற்றையும் அளந்து பாருங்கள். ஏறத்தாழ 8 முதல் 12 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் இருந்தால் கருவி தன் வேலையைச் செய்கிறது என்று கொள்ளலாம். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் வித்தியாசம் சற்றுக் குறையும்.

சுத்தம் செய்த பிறகும் வித்தியாசம் மிகக் குறைவாக இருந்தாலோ, குழாயில் பனி உறைந்தாலோ, இணைப்புகளில் எண்ணெய்க் கறை தெரிந்தாலோ கசிவு இருக்க வாய்ப்புண்டு. பனியைக் கத்தியால் சுரண்டாமல், ஏசியை நிறுத்தி அதைத் தானாக உருகவிடுங்கள். பிறகு மெக்கானிக்கை அழைத்து, நைட்ரஜன் அழுத்தம் கொடுத்துக் கசிவைக் கண்டுபிடித்து அடைக்கவும், குழாயை வேக்குவம் செய்யவும் (உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கவும்), அதன் பின்னரே ஏசியின் மேல் ஒட்டியுள்ள விவரத் தகட்டில் குறித்துள்ள எடைக்குக் கேஸ் நிரப்பவும் சொல்லுங்கள். ஏசிகளில் நிரப்பப்படும் கேஸ் வகைகளில் ஆர்-32, ஆர்-290 ஆகியவை தீப்பற்றக்கூடியவை, ஆர்-290 என்பது புரொப்பேனேதான் என்பதால், இது சொந்தமாகச் செய்து பழகும் வேலை அன்று.

மின்செலவும் பாதுகாப்பும்

1,500 வாட் இழுக்கும் ஏசி, கம்ப்ரசர் நிற்காமல் 8 மணி நேரம் ஓடினால் 12 யூனிட் செலவாகும். 18 டிகிரி வைத்தால் விரைவாகக் குளிரும் என்பது வெறும் நம்பிக்கை. இன்வெர்ட்டர் அல்லாத சாதாரண ஏசியில் கம்ப்ரசர் எப்போதும் ஒரே வேகத்தில்தான் ஓடும், நிற்க மட்டுமே தாமதமாகும். 25 அல்லது 26 டிகிரி வைத்து மின்விசிறியையும் மெதுவாகச் சுழலவிடுவதே சிக்கனம். ஆனால் மின்விசிறி குளிர்விப்பது உடலைத்தான், அறையை அன்று. ஆளில்லாத அறையில் அதை ஓடவிடுவது வீண்.

ஏசியை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இணைக்கக் கூடாது. ஒரு மணி நேரம் ஓடிய பின் அணைத்துவிட்டு, பிளக்கின் மேற்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். லேசான சூடு இயல்பு. கைவைக்க முடியாத சூடோ, பழுப்பேறிய கறையோ, கருகிய வாசனையோ இருந்தால் இணைப்பு தளர்ந்திருக்கலாம். எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும்வரை அதை இயக்காதீர்கள்.

குளிர்காலத்தில் ஹீட்டர் வாங்குபவர்கள் வடிவத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். எண்ணெய் நிரப்பியதாயினும் விசிறி வைத்ததாயினும் 2,000 வாட் ஹீட்டர் தருவது 2,000 வாட் வெப்பம்தான். வெப்பம் தரும் வசதியுள்ள ஏசியோ வெளியிலிருக்கும் வெப்பத்தை உள்ளே கொண்டுவருவதால், மிதமான குளிரில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் அளவுக்குக்கூட வெப்பம் தரக்கூடும். எந்த ஹீட்டரானாலும் திரைச்சீலை, படுக்கை ஆகியவற்றிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். மூடிய அறையில் கரியடுப்பு மூட்டிக் குளிர்காய்வது மட்டும் கூடவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, தூங்குபவர் விழித்துக்கொள்வதற்கு அது எந்த அறிகுறியும் காட்டாது.