பூச்சு வேலைப் பயிற்சி: கட்டணம் கட்டும் முன் கேட்க வேண்டியது

பயிற்சிக்குக் கட்டணம் கட்டும் முன், "ஒருவருக்குத் தனியாக எத்தனை சதுர அடி சுவர் கிடைக்கும், அதில் எவ்வளவு சிமெண்ட் கலவையில் பூசுவோம்?" என்று கேளுங்கள். சுரண்டித் திரும்பக் குழைக்கலாம் என்பதால் சில இடங்களில் சுண்ணாம்பும் மணலும் மட்டுமே கொடுப்பார்கள். கரணை பிடித்துப் பழக அது நல்லதுதான். ஆனால் சிமெண்ட் கலவை தண்ணீர் சேர்த்த சில மணி நேரத்துக்குள் இறுகிவிடும்; அதைத் திரும்பக் குழைக்க முடியாது. மட்டப்பலகை இழுத்தபின் எப்போது மணியாசுக் கட்டையை (பூச்சைத் தேய்த்துச் சமப்படுத்தும் மரக்கட்டை) தேய்ப்பது என்ற பக்குவம் அதில்தான் கைக்கு வரும். முந்தித் தேய்த்தால் பூச்சு சரியும், பிந்தினால் மணல் மணலாக உதிரும். உள்மூலையும் ஜன்னல் ஓரமும் பாடத்தில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஏற்கெனவே கொத்தனாரிடம் பூச்சு வேலை பார்ப்பவர்களுக்கு இந்தப் பயிற்சி தேவையில்லை; நேரடித் திறன் தேர்வு மூலம் சான்றிதழ் கிடைக்குமா என்று விசாரித்தால் போதும்.