பிள்ளைக்கு எடைக்குறைப்பு அறுவை சிகிச்சையா? பெற்றோர் தயாராகும் முறை

பத்தியம் என்றால் ஒரு மண்டலத்தில் முடிந்துவிடும் என்பது நம் வீடுகளில் ஊறிப்போன எண்ணம். பதின்ம வயதினருக்கான எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிந்திய பத்தியமோ ஆயுள் முழுவதும் நீள்வது. ஆகவே, கத்தி படுவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே ஆயத்தம் தொடங்க வேண்டும்.

சிங்கப்பூரில் முதலில் பலதுறை மருந்தகத்திற்கு (பாலிகிளினிக்) செல்லுங்கள். அங்கிருந்து பரிந்துரைக் கடிதம் பெற்றுச் சென்றால் அரசு மருத்துவமனையின் சிறப்பு மருத்துவரைச் சலுகைக் கட்டணத்தில் பார்க்க இயலும். உயரத்திற்கேற்ற எடையைக் கணக்கிடும் பிஎம்ஐ எண் 35ஐத் தாண்டி நீரிழிவு, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுதல் போன்ற நோய்களும் இருந்தாலோ, 40ஐத் தாண்டினாலோ சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்பது பரவலாக வழங்கும் அளவுகோல். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டி, கடுமையான பருமன் உள்ளவர்களை 13 வயதிலிருந்தே இதற்கான மதிப்பீட்டிற்கு அனுப்பலாம் என்கிறது. இந்தியர்களுக்குக் குறைந்த பிஎம்ஐயிலேயே நீரிழிவு தலைகாட்டுவதால், எண்ணை மட்டும் வைத்து நீங்களே முடிவுகட்டிவிடாதீர்கள். மருந்துகளால் பயன் கிட்டுமா என்பதையும், மருத்துவச் செலவுக்கான மெடிசேவ் சேமிப்புக் கணக்கு எவ்வளவு கைகொடுக்கும் என்பதையும் அப்போதே கேட்டு வையுங்கள்.

அடுத்து, பிள்ளையை மருத்துவரிடம் தனியாகப் பேச விடுங்கள். அம்மா அருகில் இருக்கும்போது தலையாட்டும் பிள்ளை, தனிமையில் வேறு பதில் சொல்வதுண்டு. சிகிச்சையை விரும்புவது பெற்றோர் மட்டும்தான் என்றால் தள்ளிப்போடுவதே நல்லது என்பது என் கருத்து.

பெரும்பாலும் செய்யப்படுவது, இரைப்பையில் ஏறத்தாழ முக்கால் பங்கை அகற்றி எஞ்சியதைக் குழல்போல் ஆக்கும் முறை. அகற்றிய பகுதியை மீண்டும் பொருத்த முடியாது. 2016இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், அறுவை சிகிச்சை செய்துகொண்ட பதின்ம வயதினரின் எடை மூன்றாண்டுகளில் சராசரியாக 27 விழுக்காடு குறைந்திருந்தது. ஆனால் அவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரும்புச்சத்தின் கையிருப்பும் குறைந்திருந்தது.

இந்த இரண்டாவது செய்தி சைவக் குடும்பங்களுக்கு மிக முக்கியம். இரும்புச்சத்து, பி12, வைட்டமின் டி, சுண்ணாம்புச்சத்து ஆகியவற்றை மாத்திரையாகவோ ஊசியாகவோ வாழ்நாள் முழுவதும் எடுத்துக்கொண்டு, இரத்தப் பரிசோதனையையும் தவறாமல் செய்துவர வேண்டும். எனவே, சிகிச்சைக்கு முந்திய மாதங்களிலேயே ஒத்திகை பாருங்கள்: நாள்தோறும் சத்து மாத்திரை, தட்டில் சோற்றுக்கு முன் பருப்பு, முட்டை, மீன் அல்லது தௌக்வா (கெட்டியான சோயாக்கட்டி), இனிப்பான பால் தேநீரான தே தாரிக்கும் பபிள் டீயும் வேண்டாம், உணவோடு சேர்த்துத் தண்ணீர் குடிக்காமல் அரைமணி நேர இடைவெளி. தாத்தா பாட்டி உட்பட வீட்டார் அனைவரும் இதைக் கடைப்பிடிக்க வேண்டும். எதிரில் அமர்ந்து அண்ணன் பிராட்டா சாப்பிட்டால் தம்பியின் உறுதி எத்தனை நாள் தாங்கும்?

சிகிச்சை முடிந்து வீடு திரும்பியதும் முதலில் நீராகாரம், பின்னர் மசித்த உணவு, அதன்பின் மென்மையான உணவு எனச் சில வாரங்களில் படிப்படியாக முன்னேறலாம். பெண்பிள்ளைகள் அடுத்த 12 முதல் 18 மாதங்கள் வரை கருத்தரிப்பதைத் தவிர்க்க வேண்டும். சங்கடமாக இருந்தாலும் இதையும் பேசிவிடுங்கள். வாந்தி தொடர்ந்தால், ‘வயிறு பழகிக்கொள்ளும்’ என்று கஷாயம் வைத்துக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்; பி1 வைட்டமின் வற்றினால் நரம்புகள் நிரந்தரமாகப் பாதிக்கப்படக்கூடும்.