இங்கிலாந்தில் முதல் வீடு: சொலிசிட்டருக்குப் பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

வீட்டுக்கு நாங்கள் சொன்ன விலையை, அதாவது எங்கள் ஆஃபரை, ஏற்றுக்கொண்ட அன்று மாலையே எஸ்டேட் ஏஜென்ட் போன் செய்து "உங்கள் சொலிசிட்டர் யார்?" என்று கேட்டார், அதாவது வீடு வாங்கும் சட்ட வேலையைப் பார்க்கும் வக்கீல். நான் யோசிக்கவே இல்லை. லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு நகைக்கடைக்கு மேல் மாடியில் சின்ன ஆபீஸ், என் விசாவை நீட்டித்துக் கொடுத்தவர், தமிழில் பேசுவார், முக்கியமாக போனை எடுப்பார். அவர் பெயரைக் கொடுத்தேன், 300 பவுண்டு முன்பணமும் கட்டினேன். பதினெட்டு நாள் கழித்து வங்கியிலிருந்து எங்கள் வீட்டுக்கடன் புரோக்கருக்கு ஒரு வரி வந்தது: இந்த நிறுவனம் எங்கள் பேனலில், அதாவது வங்கி ஏற்றுக்கொண்ட சொலிசிட்டர் நிறுவனங்களின் பட்டியலில், இல்லை. மாடிப்படி ஏறிப் போய்க் கேட்டேன். "அந்த பேங்க்ல மட்டும் நாங்க இல்ல தம்பி, போன வருஷம் எடுத்துட்டாங்க. மத்ததுல எல்லாம் இருக்கோம்" என்றார். அவர் எதையும் மறைக்கவில்லை, எந்த வங்கியில் கடன் என்று நான் சொல்லவும் இல்லை, அவர் கேட்கவும் இல்லை.

புதிதாக வந்தவர்கள் பலர் இதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன். சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும்தான், ஸ்காட்லாந்தில் வீடு வாங்கும் முறையே வேறு.

ஊரில் வீட்டுக்கடன் வாங்கியவர்களுக்குப் பேனல் வக்கீல் என்ற சொல் புதிதல்ல. வங்கி தன் பட்டியலில் உள்ள வக்கீலிடம் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் கொடுத்து லீகல் ஒப்பீனியன் வாங்கும், அந்த ஃபீஸை நம் தலையில் கட்டும், அதோடு சரி. இங்கே கதை கொஞ்சம் மாறுகிறது. பெரும்பாலும் உங்களுக்காக வேலை செய்யும் அதே சொலிசிட்டர்தான் வங்கிக்காகவும் வேலை செய்வார். வீட்டின் உரிமை சரியாக இருக்கிறது என்று வங்கிக்குச் சான்று கொடுப்பது அவர், வங்கியின் மூன்று நாலு லட்சம் பவுண்டு வந்து விழுவது அவருடைய கிளையன்ட் அக்கவுன்டில், அதை விற்பவரின் சொலிசிட்டருக்கு அனுப்பிவிட்டு லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் உங்கள் பெயரையும் வங்கியின் அடமானத்தையும் பதிவு செய்வதும் அவர்தான். இவ்வளவு பணத்தை யாரோ ஒருவர் கையில் கொடுக்க வங்கி தயங்கும் அல்லவா? அதனால் ஒவ்வொரு வங்கியும் தனக்கென்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. 2008 நெருக்கடிக்குப் பிறகு, மோசடிகளில் கையைச் சுட்டுக்கொண்ட வங்கிகள் இந்தப் பட்டியல்களை இன்னும் இறுக்கின. 2012 தொடக்கத்தில் எச்.எஸ்.பி.சி. தன் பேனலை 43 நிறுவனங்களாகக் குறைத்தது. நாட்டில் ஆயிரக்கணக்கில் இருக்கும் நிறுவனங்களில் வெறும் 43! சொலிசிட்டர்கள் கொதித்துப் போனார்கள், பிறகு வங்கி தளர்த்தியது. இன்று பெரிய வங்கிகளின் பேனல்கள் அந்த அளவு குறுகலாக இல்லை, ஆனால் எல்லாருக்கும் திறந்தும் இல்லை.

சின்ன ஆபீஸ்கள் ஏன் விடுபட்டுப் போகின்றன என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் "பேனலில் இல்லையென்றால் டுபாக்கூர்" என்று நினைத்துவிடுகிறோம், அது நியாயமில்லை. பேனலில் சேர, இருக்க, வருடா வருடம் காசு செலவாகும். பல வங்கிகள் சொலிசிட்டர்களின் சங்கமான லா சொசைட்டி கொடுக்கும் சி.க்யூ.எஸ். என்ற தர அங்கீகாரத்தைக் கேட்கின்றன, அதற்குத் தனி ஃபீஸ், தனிப் பரீட்சை, தனித் தணிக்கை. ஒருவர் மட்டும் நடத்தும் ஆபீஸ் வேண்டாம் என்று சொல்லும் வங்கிகள் உண்டு. வருடத்துக்கு இத்தனை கேஸ் வராவிட்டால் பெயரை எடுத்துவிடுகிறவையும் உண்டு. விசா வேலையே முக்கால்வாசி, வீட்டு வேலை மாதத்துக்கு ஒன்றிரண்டு என்று ஓட்டும் நம் ஆட்களின் ஆபீஸ்களுக்கு இது கட்டுப்படியாகாது. வேலை குறைவு என்று பேனலிலிருந்து எடுப்பார்கள், பேனலில் இல்லை என்பதால் வேலை இன்னும் குறையும். வீடு கைமாறும் சட்ட வேலையைச் செய்யும் கன்வேயன்சர்கள் இதைப் பற்றிப் புலம்புவதில் அர்த்தம் இருக்கிறது.

நமக்கு இதில் இன்னொரு சிக்கல். ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் இருந்தால், வந்து அதிக நாள் ஆகவில்லையென்றால், நமக்குக் கடன் கொடுக்கும் வங்கிகளே குறைவு. புரோக்கர் தேடித் தேடி, பெயரே கேள்விப்படாத ஒரு பில்டிங் சொசைட்டியையோ (உறுப்பினர்களுக்குச் சொந்தமான, வீட்டுக்கடன் கொடுக்கும் நிறுவனம்) சின்ன லெண்டரையோ பிடித்துக் கொடுப்பார். அப்படிப்பட்ட இடங்களில் பேனலும் பல நேரம் சின்னதாகத்தான் இருக்கும். அதனால் "நான் எல்லா பெரிய வங்கியிலும் இருக்கிறேன்" என்று சொலிசிட்டர் சொல்வது உங்களுக்கு உதவாமல் போகலாம். முதலில் புரோக்கரிடம் எந்த லெண்டர் என்று முடிவு செய்துகொள்ளுங்கள், அப்புறம் சொலிசிட்டர். என்னைப் போலத் தலைகீழாகச் செய்யாதீர்கள்.

சரி, மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? சொலிசிட்டரை மாற்றலாம், செய்த வேலைக்குக் காசு போகும், அடையாளச் சோதனையிலிருந்து எல்லாம் மறுபடி. வங்கியை மாற்றலாம், நமக்கு அது எளிதல்ல. சில வங்கிகள் மூன்றாவது வழி ஒன்றுக்கு ஒத்துக்கொள்ளும்: உங்கள் சொலிசிட்டர் உங்களுக்கு மட்டும், வங்கிக்குத் தனியாக இன்னொரு சொலிசிட்டர், இருவரின் ஃபீஸும் உங்கள் பாக்கெட்டிலிருந்து. கூடுதல் பணத்தைவிட இதில் கொல்லும் விஷயம் நேரம். உங்கள் ஆள் கேட்ட கேள்வியை அந்த ஆள் மறுபடி கேட்பார், இவர் விற்பவரிடம் கேட்டு அவருக்குச் சொல்வார், விற்பவர் இதற்குள் வேறு ஆளைப் பார்த்துவிடுவார். நான் முதல் வழிக்கே போனேன். நல்லவேளையாக வீட்டைப் பற்றிய விவரங்களைக் கவுன்சில் போன்ற இடங்களில் காசு கட்டித் தேடும் 'சர்ச்' எதுவும் அதுவரை போடவில்லை, 300 பவுண்டில் 140 திரும்பி வந்தது.

இப்போது எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் பகுதிக்கு வருகிறேன். ஒரே ஆள் இருவருக்கும் வேலை செய்கிறார் என்றால், நீங்கள் அவரிடம் சொல்வதில் சில விஷயங்கள் வங்கிக்கும் போயாக வேண்டும். யு.கே. ஃபைனான்ஸ் என்ற அமைப்பு வெளியிடும் ஒரு கையேடு இருக்கிறது, பெரும்பாலான வங்கிகளுக்கு சொலிசிட்டர்கள் அதன்படிதான் நடக்க வேண்டும். முதல் பகுதி எல்லாருக்கும் பொது, இரண்டாம் பகுதி ஒவ்வொரு வங்கியும் கொடுத்த தனி பதில்கள். இணையத்தில் யாரும் படிக்கலாம். விலை பின்னால் குறைந்தால் சொலிசிட்டர் வங்கியிடம் சொல்ல வேண்டும், விற்பவர் வீட்டை வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லையென்றால் சொல்ல வேண்டும், டெபாசிட் (கடன் போக நாம் கையிலிருந்து போடும் தொகை) உங்கள் சொந்தப் பணம் இல்லையென்றால் சொல்ல வேண்டும். "வங்கியிடம் சொல்லாதீர்கள்" என்று நீங்கள் சொன்னால் உங்கள் ரகசியத்தைக் காப்பாற்றுவார், ஆனால் வங்கியின் வேலையிலிருந்து விலகிவிடுவார், வங்கி சந்தேகப்பட அதுவே போதும்.

டெபாசிட்டில்தான் நம் ஆட்களுக்கு வியர்க்கும். சீட்டுப் பணம்! ஹாரோவிலும் டூட்டிங்கிலும் மாதம் 500, 1000 என்று சீட்டு கட்டி, எடுத்த முறை கையில் கவரில் காசாக வாங்கி, வீட்டு டெபாசிட்டுக்கு வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். நேர்மையான பணம்தான். ஆனால் அதை சொலிசிட்டரிடம் எப்படிக் காட்டுவீர்கள்? நோட்டுப் புத்தகத்தில் அக்கா எழுதி வைத்த கணக்கு அவருடைய ஃபைலில் நிற்காது. கட்டியதும் எடுத்ததும் வங்கி வழியாகவே நடந்திருந்தால் தலைவலி பாதி குறையும், அதனால் வீடு வாங்கும் எண்ணம் இருந்தால் இப்போதிருந்தே காசாகக் கைமாற்றுவதை நிறுத்துங்கள். அடுத்தது, மச்சான் கொடுக்கும் இருபதாயிரம். வங்கிக்குக் கொடுக்கும் லெட்டரில் அன்பளிப்பு, திருப்பித் தர வேண்டாம், வீட்டில் பங்கும் கேட்க மாட்டேன் என்று கையெழுத்து. வாய்ப்பேச்சில் இரண்டு வருடத்தில் திருப்பித் தருகிறேன். இப்படிச் செய்வது வங்கியிடம் பொய் சொல்வது, "சும்மா ஒரு பேப்பர்தானே" என்று சொலிசிட்டரிடம் தமிழில் உளறிவிட்டால் அவர் சங்கடத்தில் மாட்டுவார், உங்கள் கடனும் மாட்டும். ஊரிலிருந்து அப்பா அனுப்புவதாக இருந்தால், இந்தியாவிலிருந்து ஒருவர் ஒரு நிதியாண்டில் அனுப்ப 2,50,000 டாலர் வரை அனுமதி உண்டு, வங்கி வழியாக அனுப்பினால் தடம் இருக்கும். நிலம் விற்ற பணமென்றால் கிரயப் பத்திரம், அவருடைய பாஸ்புக் பக்கங்கள், தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பு எல்லாவற்றையும் ஆஃபர் போடுவதற்கு முன்பே சேர்த்து வையுங்கள். அப்பாவுக்கு இதெல்லாம் அவமானமாகத் தோன்றும், "என் பணத்துக்கு எவனோ கணக்கு கேக்குறான்" என்பார். பொறுமையாகச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் சொலிசிட்டர் கேட்பார், பேனலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் காசு பெரிசு. ஊரில் உங்கள் பெயரிலோ மனைவி பெயரிலோ வீடு இருக்கிறதா? இங்கிலாந்தில் முதல் வீடு வாங்குபவருக்கு 3 லட்சம் பவுண்டு வரை முத்திரை வரி இல்லை, வீட்டின் விலை 5 லட்சத்தைத் தாண்டாமல் இருந்தால். ஆனால் உலகத்தில் எங்கேயாவது வீடு இருந்திருந்தால் நீங்கள் முதல்முறை வாங்குபவர் இல்லை. இன்னும் அது உங்களிடமே இருந்து, 40,000 பவுண்டோ அதற்கு மேலோ மதிப்புள்ளது என்றால், பொதுவாக 5% கூடுதல் வரியும் சேரும். 4 லட்சம் பவுண்டு வீட்டுக்கு அந்தக் கூடுதல் மட்டும் 20,000. மதுரை வீட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைக்காதீர்கள், அந்த வரிப் படிவத்தில் சொல்வதற்குப் பொறுப்பு உங்களுடையது.

எஸ்டேட் ஏஜென்ட் "எங்கள் சொலிசிட்டரை எடுத்தால் சீக்கிரம் முடியும்" என்று தள்ளுவார். எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது, பல நேரம் அவருக்கு அதில் கமிஷன் இருக்கும், அதை அவர் சொல்லியாக வேண்டும். நம் ஆள்தான் வேண்டுமென்றால் தாராளமாகப் போங்கள், லீஸ்ஹோல்டு ஃபிளாட்டின் (நிலம் வேறொருவருடையது, நமக்குக் குத்தகை உரிமை மட்டும்) கிரவுண்ட் ரென்ட் என்ற நில வாடகைச் சிக்கலைத் தாய்மொழியில் கேட்டுப் புரிந்துகொள்வது சின்ன விஷயம் இல்லை. பணம் கட்டுவதற்கு முன் ஒரு மெயில் போடுங்கள்: லெண்டரின் முழுப் பெயர், கடன் எந்த வகை, நீங்கள் இன்றைய தேதிக்கு அவர்கள் பேனலில் இருக்கிறீர்களா, வங்கிக்காகவும் நீங்களே வேலை செய்வீர்களா. பதிலும் மெயிலில் வரட்டும், "இருக்கோம் இருக்கோம்" என்ற போன் பேச்சு போதாது. முழுப் பெயர் ஏன் என்றால், ஒரே குழுமத்தில் இரண்டு மூன்று பெயர்களில் கடன் கொடுப்பார்கள், பேனல் வேறாக இருக்கலாம். பல வங்கிகளின் இணையதளத்திலேயே நிறுவனத்தின் பெயரைப் போட்டுப் பார்க்கலாம், புரோக்கரிடம் சொன்னால் அவரும் இரண்டு நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார்.

பாதி வழியில் வட்டி குறைந்துவிட்டது என்று புரோக்கர் வேறு வங்கிக்கு மாற்றச் சொன்னால், அதே மெயிலை மறுபடி அனுப்புங்கள். கூட வேலை பார்க்கும் ஒருவர் மாதம் 40 பவுண்டு மிச்சம் என்று மாற்றினார், புது வங்கியின் பேனலில் அவருடைய சொலிசிட்டர் இல்லை, சாவி கைக்கு வர ஏழு வாரம் தள்ளிப்போனது, அந்த ஏழு வாரமும் வாடகை வீட்டுக்கு வாரம் 450.