ராஸ் எல் ஹானூத்: கரம் மசாலா பழகிய கை செய்யும் தவறுகள்

மொராக்கோ சமையலில் பேர்பெற்ற மசாலாக் கலவை ராஸ் எல் ஹானூத். அரபியில் ‘ராஸ்’ என்றால் தலை, ‘ஹானூத்’ என்றால் கடை. கடையில் இருக்கும் சரக்கிலேயே தலையானவற்றைப் பொறுக்கியெடுத்து, கடைக்காரர் தன் கைப்பக்குவத்தில் கலந்து தருவது என்று அர்த்தம். ஆகவே ஃபெஸ் நகரத்து அத்தாரீன் சந்தையில் ஒரு கடையில் வாங்கியது அடுத்த கடையில் வாங்கியதைப் போல இருக்காது. அப்படி இருந்துவிட்டால்தான் கடைக்காரருக்கு அவமானம்.

இது தெரியாமல் ‘ஒரிஜினல் ரெசிபி’யைத் தேடி அலைவதிலிருந்துதான் எல்லாச் சிக்கலும் ஆரம்பிக்கிறது. சில கலவைகளில் 30க்கு மேற்பட்ட சரக்குகள் உண்டு என்பது உண்மை. அதற்காக வீட்டில் 30 டப்பாக்களைத் திறந்து வைத்தால் கடைசியில் எதன் மணமும் தெரியாத பழுப்புப் பொடிதான் மிஞ்சும். 12 முதல் 15 சரக்குகள் தாராளம். எத்தனை என்பதைவிட எது தூக்கலாக நிற்கக்கூடாது என்பதுதான் இங்கே கேள்வி.

நமக்குக் கூடுதலாக ஒரு தொல்லை இருக்கிறது. கரம் மசாலாவும் சாம்பார் பொடியும் அரைத்துப் பழகிய கை நம்முடையது. பட்டை, கிராம்பு, ஏலக்காயைப் பார்த்ததும் அது தானாகவே வாணலியைத் தேடும், கிராம்பை அள்ளிப் போடும், சீரகத்தையும் மல்லியையும் அடிப்படையாக வைக்கும். மூன்றுமே இந்தக் கலவைக்கு ஆகாது.

முதலில் கிராம்பு. முதல் தடவை அரைத்தபோது நான் கரம் மசாலா கணக்கில் ஒரு டீஸ்பூன் போட்டேன். மூடியைத் திறந்தால் பல் டாக்டர் கிளினிக் வாசனை. ரோஜாவும் ஜாதிபத்திரியும் அந்தப் பொடிக்குள் எங்கே போயின என்றே தெரியவில்லை. இப்போது கால் டீஸ்பூனுக்கு மேல் போவதில்லை. பட்டையிலும் இதே கவனம் வேண்டும். நம்மூர் மளிகைக்கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் தடித்த பட்டைக்குக் காரமும் நெடியும் அதிகம். தாள் தாளாகச் சுருண்டு, கையால் நொறுக்கினாலே உடையும் இலங்கைச் சுருள்பட்டை கிடைத்தால் இந்தக் கலவைக்கு அதுதான் இதம். தடித்ததுதான் இருக்கிறது என்றால் அளவைப் பாதியாக்குங்கள்.

சீரகம், மல்லி விஷயத்தில் இன்றைய ரெசிபிகள் பலவும் தாராளம் காட்டுகின்றன. பழைய முறைக் கலவைகள் பலவற்றில் இரண்டும் கிடையாது. மொராக்கோவில் சீரகத்துக்குத் தனி மரியாதை உண்டு. பொடித்த சீரகமும் உப்பும் சாப்பாட்டு மேசையிலேயே தனித்தனியாக இருக்கும், வேண்டியவர் தூவிக்கொள்வார். அதைக் கலவையிலும் கொட்டினால் நம் வாய்க்கு உடனே குருமா ஞாபகம் வந்துவிடும். போடாமல் ஒரு தடவை அரைத்துப் பாருங்கள், வித்தியாசம் புரியும். மிளகாயும் அப்படித்தான். இந்தக் கலவையின் உறைப்பு பெரும்பாலும் மிளகு, சுக்கு, சித்தரத்தை வகையறாவிலிருந்து வரும் உறைப்பு.

அடுத்தது, ‘அந்தச் சரக்கெல்லாம் இங்கே கிடைக்காது’ என்று பாதியை விட்டுவிடுவது. ஆங்கில ரெசிபிகளைப் பார்த்துச் செய்பவர்கள் சூப்பர் மார்க்கெட்டில் தேடிவிட்டுக் கையை விரிக்கிறார்கள். நாம் போக வேண்டியது நாட்டு மருந்துக் கடைக்கு. திப்பிலி, வால்மிளகு, சித்தரத்தை, ஜாதிபத்திரி, காய்ந்த ரோஜா இதழ் என்று இந்தக் கலவையின் அபூர்வச் சரக்குகள் என்று சொல்லப்படுபவை அங்கே டப்பாக்களில் வரிசையாக இருக்கும். என்ன, பட்டியலைப் படித்ததும் கடைக்காரர் “யாருக்கு இருமல்?” என்று கேட்பார். திப்பிலிக்கும் அரபிக்கும் உள்ள உறவு பழையது: பிப்பலி என்ற வடசொல்லின் வழியில் வந்ததுதான் மிளகைக் குறிக்கும் ‘ஃபில்ஃபில்’ என்ற அரபுச் சொல்.

ஆனால் அங்கே சில சரக்கு நெடுநாள் கிடந்ததாக இருக்கும். வாங்கும் முன் சோதித்துவிடுங்கள். வால்மிளகில் ஒன்றை எடுத்து நகத்தால் நசுக்கினால் கற்பூரம் கலந்த மணம் குப்பென்று வர வேண்டும். திப்பிலியின் நுனியைக் கடித்தால் சில விநாடிகளில் நாக்கு விறுவிறுக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அது வெறும் குச்சிதான். வால்மிளகு நல்லதாகவே இருந்தாலும் அரை டீஸ்பூனைத் தாண்டினால் கசப்பு ஏறிவிடும்.

மாற்றுச் சரக்கு போடுவதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. பழைய பட்டியல்களில் துறவிமிளகு என்ற பொருளில் ஒரு காய் வரும். அது நம்மூர் நொச்சிக்குச் சொந்தக்காரச் செடியின் காய். சொந்தம்தானே என்று நொச்சிக் காயைப் பறித்துப் போடாதீர்கள். இரண்டும் வேறு, அது இல்லாமலே கலவை நன்றாக வரும். அந்தக் காலத்தில் ஸ்பானிஷ் ஈ என்ற, உண்மையில் வண்டினத்தைச் சேர்ந்த பூச்சியைக்கூட ஆண்மை ஊக்கி என்று இதில் சேர்த்திருக்கிறார்கள். அதிலுள்ள நஞ்சு ஆளையே சாய்க்கக்கூடியது. மொராக்கோ சந்தைகளில் அதை விற்பது 1990களில் தடை செய்யப்பட்டது. பாரம்பரியம் என்ற பேரில் பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் நம்பக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

ரோஜாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மொராக்கோவில் கெலாத் மகூனா என்ற ஊரைச் சுற்றிய பள்ளத்தாக்கு ரோஜாவுக்குப் பேர்போனது. மொட்டாகப் பறித்துக் காயவைத்தது கலவைக்குள் போகிறது. நாம் பூக்கடையில் மாலைக்கு வாங்கும் ரோஜாவைக் காயவைத்துப் போடுவது பெரிய தவறு. பூச்சி மருந்து அடித்து வளர்த்தது அது, மணமும் இருக்காது. வீட்டுச் செடியில் பூத்த பன்னீர் ரோஜா என்றால் நிழலில் உலர்த்துங்கள். இதழைக் கையில் நசுக்கினால் அப்பளம் போல நொறுங்க வேண்டும். கொஞ்சம் துவண்டாலும் போச்சு, மிக்ஸியில் அப்பிக்கொள்வதோடு பத்து நாளில் பொடி முழுவதும் பூசணம் பிடிக்கும். லாவெண்டர் கிடைத்தால் ஒரு சிட்டிகை, அவ்வளவுதான். தாண்டினால் குளியல் சோப்பைக் கடித்த மாதிரி ஆகிவிடும்.

வறுப்பதைப் பற்றி. சாம்பார் பொடிக்குப் பொன்னிறமாக வறுப்பது ருசிக்காக. இங்கே அந்த வறுபட்ட வாசனையே வேண்டாம், ஈரம் போனால் போதும். மிளகு, வால்மிளகு, திப்பிலி, ஏல விதை போன்றவற்றை மட்டும் மிதமான சூட்டில் ஒரு நிமிடம் புரட்டி, கையில் அள்ளினால் கதகதப்பு தெரியும்போதே இறக்கிவிடுங்கள். ஜாதிபத்திரி, ரோஜா, சுக்கு, மஞ்சள் இவை வாணலிப் பக்கமே போகக்கூடாது. வேண்டுமானால் அரை மணி நேரம் வெயில் காட்டலாம்.

அரைக்கும்போது சுக்கு, சித்தரத்தை, ஜாதிக்காயை முழுசாக மிக்ஸியில் போடாதீர்கள். பிளேடு மழுங்கும், அதற்குள் மற்றதெல்லாம் சூடேறி மணத்தை விட்டுவிடும். இரும்பு உரலில் தட்டி உடைத்துப் போடுங்கள், ஜாதிக்காயைத் துருவிவிடுங்கள். சின்ன ஜாரில் ஐந்து விநாடி ஓட்டி நிறுத்தி, மறுபடி ஓட்டுங்கள். வீடே மணக்கிறது என்று சந்தோஷப்பட வேண்டாம். பொடியில் இருக்க வேண்டியது காற்றில் போகிறது என்று அர்த்தம். சலித்து, மிஞ்சிய கப்பியை மறுபடி அரையுங்கள்.

என் அளவு இது, பொடித்த கணக்கில்: சுக்கு 2 டீஸ்பூன், ஏல விதை, ஜாதிபத்திரி, மிளகு, மஞ்சள், சித்தரத்தை, சுருள்பட்டை தலா 1 டீஸ்பூன், ஜாதிக்காய், சோம்பு, திப்பிலி தலா அரை டீஸ்பூன், வால்மிளகு, கிராம்பு தலா கால் டீஸ்பூன், ரோஜா இதழ் 1 மேசைக்கரண்டி. ஆல்ஸ்பைஸ் என்ற, மிளகு போன்ற காய் இருந்தால் அதுவும் அரை டீஸ்பூன். குங்குமப்பூவைப் பொடியோடு சேர்த்து அரைப்பது காசைக் கரைப்பது. அதைச் சமைக்கும் அன்று வெந்நீரில் ஊறவைத்துத் தனியாக ஊற்றுங்கள்.

அரைத்ததைக் கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து, அடுப்பு மேடையிலிருந்து தள்ளி, இருட்டான அலமாரியில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்ளும் அளவுக்கு அரைக்காதீர்கள்.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்துவிட்டுக் கடைசியில் காயும் எண்ணெயில் போட்டுத் தாளித்துவிடுபவர்கள் உண்டு. ரோஜாவும் ஜாதிபத்திரியும் அரை நிமிடத்தில் கருகிக் கசந்துவிடும். மொராக்கோ வழி வேறு. ஹஜ்ஜுப் பெருநாளை ஒட்டிச் செய்யும் ம்ரூஸியா என்ற ஆட்டுக்கறியைப் பாருங்கள்: கறியில் இந்தப் பொடியையும் குங்குமப்பூவையும் தடவி ஊறவைத்து, பிறகு தண்ணீர் சேர்த்து மெல்லிய தீயில் நெடுநேரம் வேகவிட்டு, பாதாம், உலர்திராட்சை, தேனோடு சுண்ட வைக்கிறார்கள். பொடி ஈரத்தோடு சேர்ந்தே வேகிறது. ஒரு கிலோ கறிக்கு 1 மேசைக்கரண்டி போதும். காய்கறிக் குழம்புக்கு ஒரு டீஸ்பூனே அதிகம். கரம் மசாலா மாதிரி இறக்கும்போது தூவினால் பச்சைச் சுக்கு வாசனை அடிக்கும். அதோடு, மொராக்கோ சாப்பாடு என்றாலே இதைப் போட வேண்டும் என்று இல்லை. அன்றாடச் சமையல் பெரும்பாலும் சுக்கு, மஞ்சள், மிளகு, சீரகத்தில் ஓடிவிடுகிறது.

சரி, ஏற்கெனவே அரைத்து, கிராம்பு தூக்கலாகிவிட்டதா? கொட்டிவிடாதீர்கள். கிராம்பும் பட்டையும் இல்லாமல் அதே அளவு இன்னொரு தடவை அரைத்து இரண்டையும் கலந்து, ஒரு வாரம் மூடி வைத்துவிட்டு முகர்ந்து பாருங்கள். என்னுடைய அந்த முதல் பொடியை இப்படித்தான் மீட்டேன். சுருள்பட்டை அப்புறம் குறைவாகத் தெரிந்தது, கால் டீஸ்பூன் சேர்த்தேன்.