லீக்டன்ஸ்டைன் மலையேற்றம்: கடைசி பஸ்ஸிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்

சுவிட்சர்லாந்துக்கும் ஆஸ்திரியாவுக்கும் நடுவே 160 சதுர கிலோமீட்டர்தான் மொத்த நாடும். வடக்கிலிருந்து தெற்குக்கு 25 கி.மீ. போல வரும். வரைபடத்தைப் பார்த்துவிட்டு ‘அரை நாளில் முடித்துவிடலாம்’ என்று நினைப்பவர்கள்தான் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள். ரைன் ஆற்றோரம் ருகெல் பக்கம் தரை 430 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தெற்கு எல்லையில் கிராவ்ஷ்பிட்ஸ் சிகரம் 2,599 மீட்டர். ஆகவே கிலோமீட்டரைவிட ஏற்ற இறக்கம்தான் உங்கள் நாளைத் தீர்மானிக்கும்.

அதை மணியாக மாற்ற ஆல்ப்ஸ் பகுதியில் புழங்கும் கணக்கு இது: ஒரு மணிக்கு 300 மீட்டர் ஏற்றம், 500 மீட்டர் இறக்கம், சமதளத்தில் 4 கி.மீ. ஏற்ற இறக்க நேரத்தைத் தனியாகவும் தூரத்துக்கான நேரத்தைத் தனியாகவும் போடுங்கள். இரண்டில் பெரியதை முழுதாக எடுத்து, சிறியதில் பாதியைச் சேருங்கள்.

மால்பூன் கிராமத்திலிருந்து (1,600 மீ.) ஆவ்க்ஸ்டன்பெர்க் சிகரம் (2,359 மீ.) ஏறி, ஃபெல்ஸர் ஹியூட்டே மலைவிடுதி (2,108 மீ.) வழியாகத் திரும்பும் சுற்றையே எடுத்துக்கொள்வோம். தூரம் சுமார் 12 கி.மீ.; சிறு மேடுபள்ளங்களையும் சேர்த்து ஏற்றம் 800 மீட்டர், இறக்கமும் அதே அளவு. ஏறி இறங்க நாலேகால் மணி, தூரத்துக்கு மூன்று மணி. பெரியதோடு சிறியதில் பாதியைக் கூட்டினால் ஐந்தேமுக்கால். சாப்பாடு, ஓய்வு, போட்டோ எல்லாம் சேர்த்து ஏழு மணி நேரம் ஒதுக்குங்கள். மஞ்சள் வழிப்பலகைகளில் போட்டிருக்கும் நேரத்தில் ஓய்வு சேராது. மலைநடை பழகாதவர்கள் அதோடு கால்பங்கு கூட்டிக்கொள்வது நல்லது.

இனி பின்னோக்கி வாருங்கள். மால்பூனிலிருந்து தலைநகர் வடுஸ் போகும் 21-ம் எண் பஸ்ஸின் கடைசி நேரத்தை, பஸ் நிறுவனமான லீமொபில் தளத்தில், நீங்கள் போகும் தேதியைப் போட்டுப் பாருங்கள்; ஞாயிறு அட்டவணை வேறு. கடைசி பஸ்ஸை நம்பாமல் அதற்கு முந்தையதைக் குறி வையுங்கள். அதிலிருந்து ஏழு மணி நேரம் கழித்தால் வருவதுதான் நீங்கள் கிளம்ப வேண்டிய நேரம். மால்பூனிலிருந்து ஏறும் ஸாரைஸ் நாற்காலி லிஃப்டில் போனால் 2,000 மீட்டரிலிருந்தே தொடங்கலாம், ஒரு மணி நேரத்துக்கு மேல் மிச்சம். ஆனால் லிஃப்ட் எல்லாப் பருவத்திலும் ஓடாது; மாலையில் நின்றுவிடும். அதை ஏறுவதற்கு மட்டும் கணக்கில் வையுங்கள், இறங்குவதற்கு வேண்டாம்.

நாட்டின் பெயர்போன பாதை ஃப்யூர்ஸ்டன்ஷ்டைக். 1898-இல் திறக்கப்பட்டது, சுண்ணாம்புப் பாறையின் முகத்தை வெட்டி, இடையிடையே கம்பிக்கயிறு பொருத்தியிருக்கிறார்கள். கஃப்ளையில் (சுமார் 1,480 மீ.) தொடங்கி, கூகிராட் சிகரம் (2,123 மீ.) தொட்டு, ஏணிகளும் கயிறும் உள்ள முகடு வழியே ட்ரை ஷ்வெஸ்டர்ன் சிகரங்களைக் (2,052 மீ.) கடந்து பிளாங்கன் ஊருக்கு இறங்கலாம். எல்லோரும் ஏற்றத்தைப் பார்த்துப் பயப்படுவார்கள். ஆளைச் சாய்ப்பது இறக்கம்தான். சிகரத்திலிருந்து பிளாங்கன் வரை 1,250 மீட்டருக்கு மேல் முழங்கால் அடி வாங்கும். ஊன்றுகோல் கொண்டுபோங்கள், கம்பியைப் பிடிக்க வேண்டிய இடங்களில் அதை மடித்துப் பையில் செருகிவிடுங்கள். கஃபடூரா விடுதி (1,428 மீ.) வரும்வரை தண்ணீரை நம்ப முடியாது, எனவே ஆளுக்கு இரண்டு லிட்டர், வெயில் நாளில் மூன்று. கஃப்ளைக்கு பஸ் குறைவு என்பதால் காலை பஸ்ஸை முந்தின இரவே குறித்துக்கொள்ளுங்கள். உயரம் என்றால் தலைசுற்றுபவர்களுக்கு இந்த வழி வேண்டாம்.

வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கோடு இருந்தால் மலைப்பாதை: கணுக்காலைப் பிடிக்கும், பள்ளம் வெட்டிய அடியுள்ள ஷூ கட்டாயம். வெள்ளை-நீலம்-வெள்ளை என்றால் கயிறு, பாறையேற்றம் தெரிந்தவர்களுக்கு மட்டும். வெறும் மஞ்சள் என்றால் யாரும் நடக்கலாம்.

பருவம் ஜூன் நடுவிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை. ஜூனில் வடக்குச் சரிவுகளின் ஓடைகளில் பனி கெட்டியாகக் கிடக்கும். பத்து மீட்டர் அகலப் பனித்திட்டு போதும், வழுக்கினால் நிற்க இடமிருக்காது. ஜூலை, ஆகஸ்டில் பிற்பகல் இடிமழை சகஜம். முகட்டில் மதியம் ஒரு மணிக்குள் வேலையை முடித்துவிடுங்கள், ஏணியும் கம்பியும் இருக்கும் இடத்தில் மின்னலில் மாட்டக்கூடாது. இன்னொரு ஆபத்து ஃபோன் (Föhn) என்னும் தெற்குக் காற்று. மலையைத் தாண்டி இறங்கும்போது வெதுவெதுப்பாகி, வானத்தைத் துடைத்துவைத்தாற்போல ஆக்கிவிடும். கண்ணுக்கு அருமையான நாள். முகட்டிலோ ஆளைத் தள்ளும் வேகம். அது அடங்கியதும் பெரும்பாலும் மழையும் குளிரும் வரும். முன்னறிவிப்பில் ஃபோன் காற்று என்று இருந்தால் முகட்டை விட்டுவிட்டு, ஷ்டேக் (1,300 மீ.) ஏரிக்கரைப் பக்கம் நடங்கள்.

போனில் சுவிஸ் டோப்போ ஆப்பை ஏற்றி, நாடு முழுவதற்குமான வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். லீக்டன்ஸ்டைனும் அதில் உண்டு. முகட்டில் போன் சுவிஸ் டவருக்கும் ஆஸ்திரிய டவருக்கும் தாவும். ‘ஐரோப்பா’ என்று விற்கும் சில இ-சிம்களில் சுவிட்சர்லாந்து சேராது, வாங்கும் முன் பட்டியலைப் படியுங்கள். ட்ரை ஷ்வெஸ்டர்ன் ஆஸ்திரிய எல்லையில் இருப்பதால் பாஸ்போர்ட் பையில் இருக்கட்டும்.

இந்த நாட்டுக்கு விமான நிலையம் கிடையாது. சூரிச் வந்து, ரயிலில் ஸார்கன்ஸ் அல்லது புக்ஸ் இறங்கி, பஸ் பிடிக்க வேண்டும். ஸார்கன்ஸிலிருந்து வடுஸுக்கு 11-ம் எண். இந்தியர்களுக்கு ஷெங்கன் விசா போதும். அதற்குக் கேட்கும் 30,000 யூரோ காப்பீடு மட்டும் மலையில் போதாது: பல பாலிசிகளில் ஹெலிகாப்டர் மீட்பு சேராது, சிலவற்றில் ட்ரெக்கிங்குக்கு உயர வரம்பு உண்டு. இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பணம் சுவிஸ் ஃப்ராங்க். ஞாயிறன்று கடைகள் பெரும்பாலும் அடைப்பு, ஆகவே சனிக்கிழமையே ரொட்டியும் பழமும் வாங்கிவிடுங்கள். சைவர்களுக்கு விடுதிகளில் கேஸ்க்நெப்ஃப்லே, அதாவது சீஸ் போட்ட மாவுருண்டை, கைகொடுக்கும். பார்லி சூப்பில் பன்றிக்கறித் துண்டு இருக்கும், கேட்டுச் சாப்பிடுங்கள். விடுதியில் தங்கினால் மெல்லிய உறைப்படுக்கை (உள்ளே நுழைந்து படுக்கும் துணிப்பை) உங்களுடையது வேண்டும்.

மேய்ச்சல் வெளியில் கன்றோடு நிற்கும் மாடுகளுக்கு நடுவே போகாதீர்கள். பாதையை விட்டுச் சற்றுச் சுற்றிப் போவதே மேல். மின்வேலியின் கைப்பிடியைக் கழற்றினால் திரும்ப மாட்டுங்கள்.

விபத்தென்றால் 112 அல்லது 144. இடத்தின் பெயர், வரைபட ஆப் காட்டும் ஆயத்தொலைவு, எத்தனை பேர், என்ன காயம், அங்கே காற்று எப்படி என்பதை இந்த வரிசையில் சொல்லுங்கள். சிக்னல் இல்லையென்றால் டார்ச்சாலோ விசிலாலோ நிமிடத்துக்கு ஆறு முறை சைகை செய்து, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஆறு முறை. பதில் நிமிடத்துக்கு மூன்று முறை வரும்.